செக்போஸ்ட் தாண்டும் செக்: கிளியரிங்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என்னை மேனேஜருக்குத் தெரியாதாங்க? முப்பது வருசமா இதே பேங்க்லதான் வரவு செலவு வெச்சிருக்கேன். எங்கையெழுத்தையே எங்கையெழுத்து இல்லேன்னு திருப்பிட்டீங்களே!"

பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு கிளையில், பிற வங்கிச் செக்குகளுக்குப் பணம் பெற்றுத் தரும் கிளியரிங் மேசையில் நான் இருந்த கடைசி வருடங்களில் மாதம் இரண்டு முறையாவது இந்தப் பேச்சு காதில் விழும். பேசுகிறவர் பெரும்பாலும் தென்னந்தோப்புக்காரராக இருப்பார். பொள்ளாச்சி உரக்கடைக்குச் செக் கொடுத்திருப்பார், 'கையெழுத்து மாறுபடுகிறது' என்று திரும்பியிருக்கும். மேனேஜருக்கு அவரை நன்றாகவே தெரியும். அவர் மகள் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தவர். ஆனால் அந்தச் செக்கை மேனேஜர் கண்ணால் பார்க்கவே இல்லை, நானும் பார்க்கவில்லை. வேறொரு நகரத்தில் எங்கள் வங்கியின் செயலாக்க மையத்தில் இருக்கும் ஓர் அலுவலர், திரையில் ஒரு பக்கம் செக்கின் படத்தையும் மறுபக்கம் கணக்குத் தொடங்கிய நாளில் அந்தத் தோப்புக்காரக் கவுண்டர் போட்ட கையெழுத்தையும் வைத்துப் பார்த்து, சில நொடிகளில் முடிவெடுத்திருப்பார். அவருக்குக் கவுண்டரையும் தெரியாது, கல்யாணத்தையும் தெரியாது.

நம் பக்கத்தில் செக் திரும்பி வருகிற கதைகளில் முக்கால்வாசி, இந்த ஒரு மாற்றத்தை மனதில் வாங்கிக்கொள்ளாததால் வருகிறவை.

காகிதம் நின்றது, படம் நடந்தது

முன்பு தமிழ்நாடு-கேரள எல்லையில் உள்ள கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் செக்குக்குப் பெயரே மாறிவிடும். பொள்ளாச்சி வியாபாரி கொடுத்த செக்கை எங்கள் கிளையில் போட்டால் அது 'வெளியூர் செக்'. பஸ்ஸில் போனால் ஒரு மணி நேரத் தூரம்தான். ஆனாலும் பதிவுத் தபாலில் அனுப்பி, அங்கிருந்து பணம் வந்து, கமிஷன் பிடித்து, கணக்கில் ஏற வாரம் பத்து நாள் ஆகிவிடும். இதற்குள் தபால் குழப்பம் வேறு. எங்கள் தாலுகா சித்தூர். ஆந்திராவிலும் ஒரு சித்தூர், அதுவும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியே இருக்கிறது. அங்கே போக வேண்டிய மாம்பழ மண்டி செக்குகள் அடங்கிய உறை ஒருமுறை எங்களிடம் வந்து சேர்ந்தது. இங்கே வர வேண்டியது எத்தனை முறை அங்கே போய்ச் சுற்றியதோ, கணக்கு வைத்தவர் யாரும் இல்லை.

செக்கின் அடியில் காந்த மையில் அச்சிட்ட எண்கள் அந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டின. முதல் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பது எம்ஐசிஆர் கோடு. அதில் மூன்று ஊருக்கு, மூன்று வங்கிக்கு, மூன்று கிளைக்கு. ஊருக்கான மூன்றும் பெரும்பாலும் பின்கோடின் முதல் மூன்று இலக்கங்களாகவே இருக்கும். பாலக்காட்டுப் பக்கம் 678, ஆந்திரச் சித்தூர்ப் பக்கம் 517. இயந்திரம் ஊர்ப் பெயரைப் படிப்பதில்லை, எண்ணைத்தான் படிக்கிறது.

பிறகு காகிதம் பயணம் போவதே நின்றது. செக்கை ஸ்கேன் செய்து படத்தை மட்டும் அனுப்பும் சிடிஎஸ் முறை 2008 பிப்ரவரியில் டெல்லியிலும், 2011 செப்டம்பரில் சென்னையிலும், 2013 ஏப்ரலில் மும்பையிலும் தொடங்கியது. கேரளாவும் ஆந்திராவும் அப்போது சென்னையோடு சேர்ந்திருந்தன. 2021 செப்டம்பர் 30க்குள் நாட்டின் எல்லா வங்கிக் கிளைகளும் இதற்குள் வந்துவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. வெளியூர் செக் என்ற சொல்லே எங்கள் மேசையிலிருந்து மறைந்தது. அந்த ஒன்றுக்காக இந்த முறைக்கு நான் எப்போதும் கும்பிடு போடுவேன்.

நீங்கள் போடும் செக் கிளையிலோ, பல கிளைகளின் செக்குகள் வந்து குவியும் மையத்திலோ ஸ்கேனரில் ஓடும். முன்பக்கம் இரண்டு படம், பின்பக்கம் ஒரு படம். காந்த எண்களும் தொகையும் அதோடு சேர்ந்து, டிஜிட்டல் கையொப்பத்துடன் கிளியரிங் அமைப்புக்குப் போகும். அங்கிருந்து செக் எழுதியவரின் வங்கிக்கு. அங்கும் அதைப் பார்ப்பது கிளை இல்லை, மையம்தான். காகிதம் மட்டும், அதைப் பெற்ற வங்கியிலேயே 10 வருடம் பத்திரமாக இருக்கும்.

"நாளைக்குப் போட்டுக்கலாம்" என்ற நம்பிக்கை

நம்மூர் வியாபாரத்தின் பெரிய பழக்கம் இது. தேங்காய்க் களத்தில் லோடு ஏற்றியதும் வியாபாரி செக்கைக் கிழித்துக் கொடுப்பார். கணக்கில் அன்றைக்குப் பணம் இருக்காது. 'இவர் இன்னைக்குப் போய்ப் போட்டாலும் நாளைக்குத்தானே வரும், காலைல கொப்பரைக் காசு வந்ததும் கட்டிடலாம்' என்று கணக்கு. அந்த ஒரு நாள் இடைவெளியை நம்பி முதலே இல்லாமல் வண்டி ஓட்டியவர்களை எனக்குத் தெரியும். ஊர் சிறியது, பெயர் வேண்டாம்.

2025 அக்டோபர் 4 முதல் அந்த இடைவெளி போய்விட்டது. அதற்கு முன்பு நாள் முழுக்கச் சேர்த்த செக்குகளைக் கட்டாக அனுப்பி, மறுநாள் முடிவு தெரியும். இப்போது கிளையில் வாங்கிய செக்கை உடனே ஸ்கேன் செய்து, வரவர அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தொடங்கியபோது வைத்த நேரம் காலை 10 மணியிலிருந்து மாலை 4 மணி வரை. எழுதியவரின் வங்கி அன்று இரவு 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். ஒன்றும் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொண்டு கணக்கு முடிக்கப்படும். வங்கிகளுக்கு இடையே பணம் மாறியதும், செக் போட்டவரின் கணக்கில் ஒரு மணி நேரத்துக்குள் வரவு வைக்க வேண்டும். ஒவ்வொரு செக்குக்கும் மூன்று மணி நேரத்தில் பதில் என்ற இரண்டாம் கட்டம் 2026 ஜனவரி 3க்கு அறிவிக்கப்பட்டு, பிறகு தள்ளிவைக்கப்பட்டது. அதுவும் வந்தால் பத்தரைக்குப் போட்ட செக்குக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பதில் தெரிந்துவிடும்.

ஆக, செக்கில் கையெழுத்துப் போடும் நேரத்தில் பணம் கணக்கில் இருக்க வேண்டும். இல்லையா, எப்போது இருக்குமோ அந்தத் தேதியைப் போட்டுக் கொடுத்துவிடலாம். வாங்குகிறவரும் அந்தத் தேதிக்கு முன்னால் கிளைக்கு வரக் கூடாது. வந்தால் செக் திரும்பும்.

லீவு நாளை நம்புவதும் இதே ரகம். 'திருவோணத்துக்கு பேங்க் மூடியிருக்கு, செக் எங்கே வரப்போகுது' என்று ஒருவர் தெம்பாகச் சொன்னார். மூடியிருந்தது எங்கள் கிளை. செக்கின் படத்தைப் பார்க்கும் மையம் வேறு மாநிலத்தில் இருந்தால் அங்கே அன்று வேலை நாளாக இருக்கலாம்.

மூன்று மொழிக்கு நடுவில் ஒரு பெயர்

எல்லை ஊர்களுக்கே உரிய தலைவலி இது. நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதலெழுத்து முன்னால் வரும். கேரளப் பள்ளிச் சான்றிதழில் அது பின்னால் போய் உட்காரும். ஆந்திரப் பக்கம் வீட்டுப் பெயர் முன்னால் நிற்கும். சுப்பிரமணியன் இங்கே 'ன்' என்று முடிவார், நகரியில் 'சுப்பிரமண்யம்' ஆவார், சந்தையில் எல்லாருக்கும் 'மணியண்ணன்'. வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் செக் எழுதுகிறவர் எந்தப் பெயரை எழுதுவார்? கூப்பிடுகிற பெயரைத்தான்.

பெயரைப் பார்ப்பது யார் வேலை என்பதில் பலருக்கும் குழப்பம் உண்டு. செக் எழுதியவரின் வங்கி முக்கியமாகப் பார்ப்பது கையெழுத்து, தேதி, தொகை, திருத்தம், கையிருப்பு. பெயருக்கும் கணக்குக்கும் பொருத்தம் பார்ப்பது செக்கை வாங்கிப் போடும் வங்கியின் பொறுப்பு. அதனால் 'ன்' இருக்க வேண்டிய இடத்தில் 'ம்' இருந்தால் உங்கள் கிளையில் பேசிப் பார்க்க வழியுண்டு. 'மணியண்ணன்' என்று இருந்தால் வழியே இல்லை. என் மேசையில் ஒரே பெயரில், ஒரே இனிஷியலில் நான்கு கணக்குகள் இருந்தன. செலானில் கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிசகி, ஒருவருடைய இளநீர்க் காசு இன்னொருவர் கணக்கில் ஏறி, அவர் அதைக் கோழித் தீவனத்துக்குக் கொடுத்துவிட்டார். அதை மீட்க நான் பட்ட பாடு தனிக்கதை.

பாஸ்புக்கின் முதல் பக்கத்தை மொபைலில் படம் எடுத்து, செக் தரப்போகிறவருக்கு அனுப்பிவிடுங்கள். அதில் எப்படி இருக்கிறதோ அப்படியே அவர் எழுதட்டும். கடை பெயரில் வாங்கிய செக்கை முதலாளியின் சேமிப்புக் கணக்கில் போடக் கொண்டுவருவதும் அடிக்கடி நடக்கும். கடையும் நானும் ஒன்றுதானே என்பார்கள். செக் அப்படி நினைக்காது, கடை பெயரில் கணக்கு வேண்டும்.

மொழி விஷயத்தில் எனக்கே மனசு இரண்டாக இருக்கிறது. செக் புத்தகம் இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சிடப்படும், ஆனால் வாடிக்கையாளர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ அந்த வட்டார மொழியிலோ எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கி வகுத்த விதி. தமிழில் எழுதிய செக்குகளை நான் ஆசையாக வாங்கியிருக்கிறேன். 'ஒரு லட்சத்து இருபதாயிரம் மட்டும்' என்று அழகான கையெழுத்தில் பார்க்கையில் தனி சந்தோஷம். இப்போது அந்தப் படத்தைத் திறக்கும் அலுவலருக்குத் தமிழ் தெரியுமா என்பது குருட்டு அதிர்ஷ்டம். மலையாளத்தில் எழுதிய செக்குக்கும் இதே கதிதான். உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. அவசரப் பணமென்றால் தொகையை ஆங்கிலத்தில் எழுதுங்கள். கையெழுத்து எந்த மொழியிலும் இருக்கலாம், ஆனால் வங்கியில் பதிந்த அதே மொழியில் இருக்க வேண்டும். தமிழில் பதிந்துவிட்டு, வேலைக்குப் போன பிறகு ஆங்கிலத்துக்கு மாறிய வாத்தியார்கள் எங்கள் கிளையில் நிறையப் பேர்.

கையெழுத்து வயசோடு மாறுகிறது. கை நடுக்கம் வருகிறது, கண் மங்குகிறது. பழைய அட்டையில் இருந்ததைத்தான் ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றியிருப்பார்கள். அதை நம்பி உட்கார்ந்திருக்காமல், கிளைக்குப் போய்ப் புது மாதிரிக் கையெழுத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஆரம்பத்தில் சத்தம் போட்ட கவுண்டருக்கு நான் அதைத்தான் செய்தேன். பத்து நிமிஷ வேலை.

செக் தாளை நடத்தும் விதம்

அடித்துத் திருத்தி, பக்கத்தில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்பது பழைய பாடம். படத்தின் வழியாகத் தீரும் செக்கில் பெயரிலோ தொகையிலோ எந்தத் திருத்தமும் கூடாது. செல்லும் காலத்தை நீட்டிக்கத் தேதியை மாற்றுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. அதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். புதுத் தாளைக் கிழியுங்கள். எண்ணாலும் எழுத்தாலும் தொகை வேறுபட்டால் எழுத்தில் உள்ளதே தொகை என்று 1881ஆம் வருடத்துச் செலாவணி முறிச் சட்டத்தின் 18ஆம் பிரிவு சொல்கிறது. அதைக் கிளையில் வந்து வாதாடிய வக்கீல் ஒருவரும் உண்டு. சட்டம் அவர் பக்கம், ஆனால் நடைமுறையில் அப்படிப்பட்ட செக்கை வங்கிகள் திருப்பித்தான் விடும்.

முதல் செக்குக்கு மஞ்சள் தடவுகிற வழக்கம் நம்மிடம் உண்டு. கண்ணுக்கு மங்களம், ஸ்கேனருக்குக் கறை. பிள்ளையார் சுழியும் அப்படித்தான். மேலே ஓரத்தில் சின்னதாக இருந்தால் பாதகமில்லை, தேதிக் கட்டத்தை ஒட்டிப் போட்டால் அதை யாராவது எண்ணாகப் படிக்கலாம். அடிப்பகுதியில் காந்த எண்கள் இருக்கும் வெள்ளைப் பட்டையில் கையெழுத்தோ சீலோ எண்ணெய்க் கையோ படக் கூடாது. களத்தில் சட்டைப் பையில் நாலாக மடித்து வைத்த செக் அந்த இடத்தில்தான் முதலில் நைந்துபோகும். வெளிர் நிற ஜெல் பேனாவும் வேண்டாம், படத்தில் பாதி எழுத்து காணாமல் போகும்.

செக்கின் ஆயுள், எழுதிய தேதியிலிருந்து 3 மாதம். 2012 ஏப்ரலுக்கு முன்பு 6 மாதம். பீரோவில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு ஐந்தாம் மாதம் எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்குப் பழைய கணக்குத்தான் இன்னும் நினைவில் இருக்கிறது.

பெரிய தொகைக்கு இன்னொரு படி உண்டு. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள செக்கை எழுதியதும் அதன் எண், தேதி, தொகை, பெறுபவர் பெயர் ஆகியவற்றை உங்கள் வங்கிக்கு முன்கூட்டியே தெரிவிக்கும் பாசிட்டிவ் பே முறை 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 5 லட்சம் ரூபாயிலிருந்து இதைக் கட்டாயமாக்கிக்கொள்ள வங்கிகளுக்கு அனுமதி உண்டு. தோப்பு கிரயத்துக்குச் செக் கொடுத்துவிட்டு இதை மறந்து, பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலில் இரண்டு குடும்பமும் முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். செக்கில் ஒரு விதமாகவும் மொபைல் ஆப்பில் வேறு விதமாகவும் பெயரை அடித்துவிட்டு மாட்டிக்கொள்வதும் உண்டு. எழுதி முடித்ததும், தாளைக் கையில் வைத்துக்கொண்டே பதிந்துவிடுங்கள்.

செக் பெட்டியில் போடுவது பற்றி ஒரே ஒரு வார்த்தை: கவுண்டரில் கொடுத்தால் ரசீது தர மாட்டோம் என்று எந்தக் கிளையும் சொல்லக் கூடாது. பெட்டியைக் காட்டினாலும் கேட்டு வாங்குங்கள்.

மேசைக்கு இந்தப் பக்கத்துத் தவறுகள்

குற்றமெல்லாம் வாடிக்கையாளர் மேல் மட்டும் இல்லை. நாங்களும் செய்தோம். வங்கியின் ரப்பர் ஸ்டாம்பைத் தொகையின் மேலேயே குத்துவது எங்கள் தலைமுறையின் கெட்ட பழக்கம். காகிதமாகப் போனபோது வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிடலாம், படத்தை வெளிச்சத்தில் பிடிக்க முடியாது. ஸ்டேபிள் பின்னோடு ஓடி ஸ்கேனரைக் கெடுத்த செக்குகளும் உண்டு. தொகையைக் கணினியில் அடிக்கும்போது ஒரு சைபரை விட்டுவிடுவது அதைவிட மோசம். ஒருவர் அடிக்க இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்று விதி இருந்தும், ஆள் குறைவான நாளில் இரண்டு பேர் வேலையையும் ஒரே ஆள் செய்து தொலைத்திருக்கிறோம்.

கிளை ஊழியர்கள் அதிகம் உணராத ஒன்று உண்டு. செக் எழுதியவரின் வங்கி காகிதத்தைத் தொடுவதே இல்லை என்பதால், செக் தாள் உண்மையானதா என்று பார்க்கும் கடமை அதை வாங்குகிற கிளையின் தலையில் விழுந்திருக்கிறது. 2002ல் திருத்திய அதே செலாவணி முறிச் சட்டத்தின் 131ஆம் பிரிவிலேயே இது எழுதியிருக்கிறது. பார்த்தாலே தெரியும் போலித்தனத்தையும் திருத்தத்தையும் சாதாரண கவனத்தோடு பிடிக்க வேண்டியது வாங்குகிற வங்கி. தண்ணீர்க் குறி, புற ஊதா விளக்கில் மட்டும் தெரியும் வங்கியின் சின்னம், நகலெடுத்தால் தோன்றும் 'செல்லாது' என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல் எல்லாம் காகிதத்தில்தான் இருக்கின்றன. அந்த விளக்கை மேசை அடியில் தூசி படிய வைத்துவிட்டுப் படத்தை மட்டும் அனுப்பினால், மறுமுனையில் எத்தனை கெட்டிக்காரர் உட்கார்ந்திருந்தாலும் பயனில்லை. புதுக் கணக்கு, பெரிய தொகை, அவசரப்படுத்தும் ஆள் என்று மூன்றும் ஒரே செலானில் சேர்ந்து வந்தால் நான் விளக்கைப் போட்டுவிட்டுத்தான் டீ குடிக்கப் போவேன்.

செக்கை வாங்கி இழுப்பறையில் போட்டுவிட்டு 'சாயங்காலம் எல்லாத்தையும் ஒண்ணா ஓட்டிக்கலாம்' என்பதும் இனி எடுபடாது. அன்றைய கெடு தாண்டினால் வாடிக்கையாளருக்கு ஒரு நாள் போச்சு.

திரும்பி வந்துவிட்டால்

முதலில் ரிட்டர்ன் மெமோவில் காரணம் என்ன என்று படியுங்கள். படம் தெளிவில்லை என்பது போன்ற, உங்கள் மேல் தப்பில்லாத காரணத்துக்கு வங்கி கட்டணம் பிடிக்கக் கூடாது. நீங்கள் வந்து கேட்கும் வரை காத்திருக்காமல், 24 மணி நேரத்துக்குள் அடுத்த கிளியரிங்கில் அவர்களே மறுபடி போட வேண்டும். கட்டணம் பிடித்திருந்தால் கேட்டுத் திரும்ப வாங்கலாம். கேட்காதவர்களுக்குத் திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை.

பணமில்லாமல் திரும்பியிருந்தால் நாள் எண்ண ஆரம்பிக்க வேண்டும். செலாவணி முறிச் சட்டத்தின் 138ஆம் பிரிவுப்படி, செக் திரும்பிய தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளுக்குள் செக் எழுதியவர் பணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அதன்பின் ஒரு மாதத்துக்குள் வழக்கு. நம் ஆட்கள் தவறுவது முதல் 30 நாளில்தான். 'அடுத்த வெட்டுக்கு வரும்போது சேர்த்துத் தர்றேங்க' என்று வியாபாரி சொல்வார். தேங்காய் வெட்டு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை. நம்பி இருந்தால் கெடு முடிந்துவிடும். செக்கின் 3 மாத ஆயுள் இன்னும் முடியாமல் இருந்தால் மறுபடி போட்டு, மறுபடி திரும்பினால் அதை வைத்தும் வழக்குப் போடலாம் என்று 2012ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுளும் முடிந்திருந்தால் அந்த வாசலும் மூடிவிடும்.

வியாபாரி பொள்ளாச்சிக்காரர், அதனால் கேஸ் நடத்த அங்கே அலைய வேண்டும் என்று பயந்து விட்டுவிட்டவர்கள் பலர். 2015 திருத்தத்துக்குப் பிறகு அப்படி இல்லை. செக்கைப் பெற்றவரின் கணக்கு எந்தக் கிளையில் இருக்கிறதோ அந்தப் பகுதி நீதிமன்றத்தில்தான் வழக்கு. கொழிஞ்சாம்பாறையில் கணக்கு இருந்து, கோயம்புத்தூருக்குப் போன இடத்தில் உங்கள் வங்கியின் வேறு கிளையில் செக்கைப் போட்டிருந்தாலும் கொழிஞ்சாம்பாறை கிளையில் போட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். எல்லை தாண்டி வர வேண்டியவர் அவர். மெமோ கைக்கு வந்ததும் அதன் ஓரத்தில் அன்றைய தேதியைப் பேனாவால் எழுதி, கிளை ஊழியரிடம் ஒரு கையெழுத்தும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறுங்கள். வக்கீல் முதலில் அந்தத் தேதியைத்தான் கேட்பார்.